காற்று ஏறினால் எனக்குக் கிராக்கி

கிளப்பின் சுவரில் இப்போது ஒரு மின்பலகை மாட்டியிருக்கிறார்கள். காற்றின் வேகம் எத்தனை நாட், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சிவப்பு எழுத்தில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த ஸ்டோர் நாற்காலியில் இப்போது ராஜன் இருக்கிறான். நம்ம தாராவிக்காரன்தான்.

“அங்கிள், இந்த போர்டு இல்லாத டைம்ல காத்து எவ்ளோன்னு எப்படிப் பாப்பீங்க?” என்று கேட்டான்.

“காத்த எவம்ல பாத்தான்? ஆளத்தான் பாப்போம்,” என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. “எழுதிக் குடுங்க அங்கிள்,” என்றான். அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவன் அம்மா வாசித்துக் காட்டுவார்களாம். அந்த அம்மா கடலை மாஹிம் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி. அதனால் எல்லாவற்றையும் கொஞ்சம் விளக்கியே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் சுடலைமுத்து. கிளப்பில் எல்லாருக்கும் முத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவி வந்தவர் என் அப்பா. அந்த வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று, தெரிந்தவர் ஒருவர் மூலமாகத் தென் மும்பையில் ஒரு பாய்மரப் படகுக் கிளப்பின் ஸ்டோரில் என்னைச் சேர்த்துவிட்டார். பாய், கயிறு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடும் வேலை. முதல் இரண்டு வருஷத்தில் நீந்தக் கற்றேன், முடிச்சுப் போடக் கற்றேன், இந்தியில் திட்டு வாங்கக் கற்றேன். பயிற்சி அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் உடம்பு கொண்டுவந்த உத்தியோகம்.

உடம்பு என்றால் சாதாரண உடம்பு இல்லை. வேலையில் சேரும்போதே நூறு கிலோவைத் தொட்டிருந்தேன். லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வது மும்பையில் பிறப்புரிமை. நான் பக்கத்தில் போய் நின்றாலே அந்த மூன்று பேரும் தூங்க ஆரம்பித்துவிடுவார்கள். முப்பத்தைந்து வருஷம் நின்றுகொண்டேதான் வேலைக்குப் போனேன். ஆனால் கிளப் வாசலில் காற்று அடித்தால் கதை வேறு.

காற்றே இல்லாத நாளிலிருந்து தொடங்குகிறேன். ஒரு நாட், இரண்டு நாட் என்றால் பாய் கொடியில் போட்ட போர்வையாகத் தொங்கும். எங்கள் படகில் இரண்டு பேர்தான் போகலாம். ஒருவர் சுக்கான் பிடிப்பார், இன்னொருவர் துணை. இந்தக் காற்றில் துணை ஆள் தும்மினால்கூடப் படகு நின்றுவிடும் என்று சுக்கான்காரர்கள் நம்புவார்கள். அசையாதே, மூச்சு விடாதே என்று ஆரம்பித்து, போன தீபாவளிக்கு உன் தம்பி என்ன சொன்னான் என்பதில் போய் நிற்கும். புருஷன் பெண்டாட்டியாகப் படகு விடுகிறவர்கள் நிறையப் பேர். காற்று இல்லாத கடலில் குரல் நன்றாகக் கேட்கும் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. ஸ்டோர் வாசலில் உட்கார்ந்தபடியே எத்தனை குடும்பங்களின் கதையை நான் கேட்டிருக்கிறேன்.

ஏழெட்டு நாட் வந்தால் எல்லாரும் மகா கெட்டிக்காரர்கள். கறுப்புக் கண்ணாடி வெளியே வரும், ஒரு கையால் சுக்கான், இன்னொரு கையால் போட்டோ. பன்னிரண்டு நாட்டில் பேச்சு குறையும், சிரிப்பு கூடும். அதுதான் நல்ல காற்று. பதினைந்தைத் தாண்டி அலையின் தலையில் வெள்ளை தெரிய ஆரம்பித்ததும் ஸ்டோர் போன் அடிக்கும். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு வாஷியில் அவசர வேலை. ஒருவருடைய மாமியாருக்குப் பதினெட்டு நாட் தாண்டினாலே உடம்புக்கு முடியாமல் போய்விடும். மழைக்காலத்தில் அந்த அம்மா என்ன பாடு படுவார்களோ என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இருபதைத் தாண்டினால் யாரும் யாரையும் திட்டுவதில்லை. சாதி மதம் பார்க்காமல் எல்லாச் சாமியையும் கூப்பிடுவார்கள். பிறகு கரைக்கு வந்து கேன்டீனில் உட்காருவார்கள். ஒவ்வொரு டீக்கும் காற்று இரண்டு நாட் ஏறும். சாப்பாட்டு நேரத்தில் கிளப்பே புயலில் தப்பி வந்திருக்கும்.

சரி, இதில் என் உடம்புக்கு என்ன வேலை? காற்று ஏறினால் பாய் படகை ஒரு பக்கமாகச் சாய்க்கும். சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விளிம்பில் உட்கார்ந்து, காலைப் பட்டையில் மாட்டிக்கொண்டு, உடம்பை வெளியே தொங்கவிட்டு நிமிர்த்த வேண்டும். ஆள் கனமாக இருந்தால் படகு நிமிர்ந்து ஓடும். மெல்லிசாக இருந்தால் கவிழும். காற்று குறைந்த நாளில் நேர் எதிர்: கனமான ஆளை ஏற்றினால் படகு நகராது. ஆகவே லேசான காற்றில் என்னைத் திரும்பிப் பார்க்க ஒரு நாதி இருக்காது. காற்று ஏறினால், “முத்து பாய், சாப்பிட்டாச்சா?” என்று பெரிய பெரிய ஆபீசர்கள் எல்லாம் இந்தியில் அண்ணன் முறை வைத்துத் தோளில் கை போடுவார்கள். ஒரு நாள் இரண்டு பேர் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்ததில் சட்டை கிழிந்தது.

அதற்குப் பிறகுதான் ஃப்ரேனி மேடம் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். கிளப்பில் போட்டிகளை நடத்தும் அதிகாரி அவர்தான், எனக்கும் மேலதிகாரி. ஒல்லியான, உயரமான பார்சி அம்மாள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காற்று ஏற ஏற அவர் குரல் இறங்கும். என்ன சொல்கிறார் என்று கேட்க எல்லாரும் கிட்டே வந்தாக வேண்டும், வந்தால் வாயை மூடித்தான் ஆக வேண்டும். காற்றை அவர் ‘சாஹேப்’ என்பார். “சாஹேப் அபி தக் நஹி ஆயா,” சாஹேப் இன்னும் வரவில்லை என்று, லேட்டாக வரும் குமாஸ்தாவைச் சொல்வது போலச் சொல்வார்.

காலையில் படகுத்துறையின் நுனியில் போய் நிற்பார். காற்றளக்கும் கருவியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. ஒரு தடவை பார்த்துவிட்டு, இடம் மாறி நின்று இன்னொரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. பிறகு கரும்பலகையில் சாக்பீஸால் எண்ணை எழுதுவார். பதினைந்துக்கு மேல் என்றால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். வேண்டுகிறவர்கள் தங்கள் பெயரைச் சீட்டில் எழுதி அவருடைய வெயில் தொப்பியில் போட வேண்டும். சீட்டை நானே எடுக்க வேண்டும். ஸ்டோரிலிருந்து லைஃப் ஜாக்கெட் கொடுப்பது போல என்னையும் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. மும்பையில் வேறு எந்த இடத்தில் என் எடைக்குச் சீட்டுப் போட்டு ஆள் அலைந்தது?

இனி லலிதா மாமி. செம்பூர்க்காரர், பாலக்காட்டுக் குடும்பம், பேங்கில் பெரிய வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். நாற்பது வயதுக்கு மேல் ஆபீஸ் தோழிகளோடு வேடிக்கை பார்க்க வந்து, சுக்கானைப் பிடித்தவர் விடவேயில்லை. ஆள் நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். காற்று குறைந்த நாளில் அவரை ஜெயிக்க ஆளே கிடையாது. மாமா தவறிய பிறகு ஒரு ஞாயிறுகூட விடாமல் வந்தார். “ஆத்துல இருந்தா எல்லாரும் என்னை உக்காத்தி வெச்சுப் பாத்துக்கறா முத்து. இங்கதான் நான் சொன்னா ஒரு சாமான் திரும்பறது,” என்று ஒரு நாள் சொன்னார். அது மனதில் தைத்துவிட்டது.

அப்படி இருக்கும்போது கமிட்டி ஒரு விதி போட்டது. அறுபது தாண்டியவர்கள் சின்னப் படகுக்குச் சுக்கான் பிடிக்க வேண்டுமானால், சீசனில் ஒரு தடவையாவது பதினைந்து நாட் தாண்டிய காற்றில், வெளி உதவி இல்லாமல் ஒரு போட்டியை முடித்துக் காட்ட வேண்டும். முடிக்காவிட்டால் அடுத்த சீசனிலிருந்து கரையில் உட்கார்ந்து கொடி பார்க்கலாம். மாமிக்கு அப்போது அறுபத்திரண்டு. அவரை மனதில் வைத்துப் போட்டதில்லை என்று கமிட்டித் தலைவர் சொன்னார். அந்த வயதில் சின்னப் படகு ஓட்டுகிறவர் மாமி ஒருவர்தான் என்பது அவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம், யார் கண்டது.

மாமி கணக்குப் போட்டார். பலத்த காற்றுக்குக் கனமான ஆள் வேண்டும்; கனம் முத்துவிடம் இருக்கிறது; இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லது. அக்டோபரிலிருந்து ஞாயிறுதோறும் அடுக்கு டிபன் கேரியர் வர ஆரம்பித்தது. அடை, அவியல், உருளைக்கிழங்கு பொடிமாஸ், நெய் மிதக்கும் பொங்கல், மேல்தட்டில் பாதுஷா.

“எதுக்கு மாமி இம்புட்டு?”

“பேசாம சாப்பிடுங்கோ. காத்து என்னிக்கு வரும்னு யாருக்குத் தெரியும்.”

காற்று வரவில்லை. ஞாயிறெல்லாம் பத்து, பதினொன்று, மிஞ்சினால் பதின்மூன்று. ஒரே ஒரு தடவை பதினாறு அடித்தது. அன்று சீட்டில் வேறொருவர் பெயர் வந்தது. மாமி ஒரு ஒல்லி ஆளோடு போய்ப் பாதியில் திரும்பினார். டிபன் கேரியர் மட்டும் தவறவில்லை. மே மாதம் வருவதற்குள் என் கால்சட்டைப் பொத்தான் துளையை எட்டாமல், நாடா போட்டுக் கட்ட வேண்டியதாயிற்று. “அந்த மாமி ஒங்கள வளக்காவளா, பொங்கலுக்கு வெட்டப் போறாவளா?” என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

சீசனின் கடைசி ஞாயிறு, மே மாதக் கடைசி. அதற்குப் பிறகு மழைக்காலம், படகையெல்லாம் கரையேற்றி மூடிவிடுவோம். அன்று விடிந்ததிலிருந்தே தென்மேற்கிலிருந்து காற்று தள்ளியது. ஃப்ரேனி மேடம் கரும்பலகையில் பதினெட்டு என்று எழுதினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தொப்பிக்குள் கை விட்டேன். உள்ளே ஒரே ஒரு சீட்டுதான் கிடந்தது.

சுற்றிப் பார்த்தேன். ஒருவர் முழங்காலைத் தடவினார். ஒருவர் வானத்தைப் பார்த்தார். என் சட்டையைக் கிழித்தவர்கள் இரண்டு பேரும் கயிற்றில் இல்லாத சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மாமி சீட்டை வாங்கி ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, “நாழியாச்சு, வாங்கோ,” என்று மட்டும் சொன்னார்.

முதல் சுற்று பிரமாதம். நான் வெளியே தொங்கினேன், படகு பறந்தது. மாமி வாய் ஓயாமல் ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு அலைக்கும் சுக்கானை இம்மி இம்மியாகத் திருப்பினார். கடைசி மிதவையைச் சுற்றிக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு முடிவுக்கோட்டுக்குப் போக வேண்டும். அந்தத் திருப்பத்தில் ஒரு வீச்சு வந்தது. பாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடித்தது, நான் இடம் மாறி உட்காருவதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது.

கவிழ்வது ஒன்றும் அதிசயம் இல்லை, அதற்கு முறை இருக்கிறது. படகை விடக் கூடாது. ஒருவர் அடிப்பக்கம் நீந்திப் போய், படகின் வயிற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று சாய வேண்டும். இன்னொருவர் உள்பக்கம் பட்டையைப் பிடித்து மிதக்க வேண்டும். படகு நிமிரும்போது அவரை அள்ளிக்கொண்டு நிமிரும். நான் பலகையில் ஏறினேன். ஏறிய மாத்திரத்தில் படகு நிமிர்ந்தது, மாமி உள்ளே விழுந்தார். இதுவரை பாடம் சரி. இனி நான் ஏற வேண்டும்.

பக்கவாட்டில் கை வைத்து எம்பினேன். படகு மாமியோடு சேர்ந்து என் தலைமேல் கவிழ்ந்தது.

மறுபடி நிமிர்த்தினேன். இந்தத் தடவை பின்பக்கமாக முயன்றேன். மார்பு வரை ஏறியது. அதற்குக் கீழே ஏழு மாதத்து அடையும் அவியலும் இருந்தன. அவை ஏறவில்லை. மாமி என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார். நாற்பத்தைந்து கிலோ இழுத்தால் நான் என்ன, என் சட்டைகூட வராது.

“முடியல மாமி. வயிறு இடிக்கி.”

“நான்தான் பண்ணினேன். வேணும் நேக்கு,” என்றார் மாமி. சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, முகமெல்லாம் உப்புத் தண்ணீர்.

காப்பாற்றும் மோட்டார் படகு கிட்டே வந்தது. “முத்து பாய், உடாவூம் க்யா?” தூக்கட்டுமா என்று கேட்டார்கள். அவர்கள் விரல் என்மேல் பட்டால் அது வெளி உதவி. மாமியின் சீசன் மட்டுமில்லை, எல்லாமே முடிந்தது. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஆனால் எத்தனை நேரம் தண்ணீரில் கிடப்பது? படகு காற்றில் விலகி விலகிப் போகிறது. எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது, என்னைப் பற்றி இல்லை.

மாமி சுக்கானைப் பிடித்து உட்கார்ந்தார்.

“முத்து, தண்ணில விழுந்தவன் படகைத் தொட்டுண்டிருந்தா போறும், போட்டியைத் தொடரலாம்னு ரூல் இருக்கு. உள்ள இருக்கணும்னு இல்லை. பின்னாடி பிடிச்சுக்கோங்கோ, சுக்கான்ல படாம. விட்டுடாதேள்.”

“விட மாட்டேன் மாமி. நீங்க போங்க.”

பாய் காற்றை வாங்கியது. படகு கிளம்பியது, பின்னால் நான் இழுபட்டேன். தனியாக மாமி அந்தக் காற்றில் நிச்சயம் கவிழ்ந்திருப்பார். நூற்றுப் பதினைந்து கிலோ பின்னால் தண்ணீரில் இழுபட்டதால் படகு நிதானமாக, ஆடாமல் போயிற்று. இதுவரை படகுக்கு வெளியே தொங்கிச் செய்த வேலையைக் கடலுக்குள் கிடந்து செய்தேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கால்சட்டை நாடா அவிழும் வரை.

இழுபடும் வேகத்தில் தண்ணீர் அதைக் கீழே உருவ ஆரம்பித்தது. வலது கையால் படகைப் பிடித்துக்கொண்டு இடது கையால் கால்சட்டையைப் பிடித்தேன். முடிவுக்கோட்டில் நடுவர் படகு நின்றது. அதில் ஃப்ரேனி மேடம், கமிட்டித் தலைவர், அவருடைய வீட்டம்மா, கடைசிப் போட்டி என்று வேடிக்கை பார்க்க வந்த உறுப்பினர் குடும்பங்கள். முறையாக முடித்தால் ஹூட்டர் அடிப்பார்கள். முறை தவறினால் அடிக்க மாட்டார்கள்.

கோட்டைத் தாண்டினோம். ஹூட்டர் அடிக்கவில்லை.

ஃப்ரேனி மேடம் ஒலிபெருக்கியை எடுத்தார். அவர் அதைத் தொட்டே நான் பார்த்ததில்லை. “முத்து, ஹாத் கிதர் ஹை? ஹாத் திகாவ்.” கை எங்கே, கையைக் காட்டு என்கிறார். நுரையில் என் கை படகைத் தொடுகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. மேலதிகாரி கேட்டால் கையைத் தூக்கியே பழகியவன் நான். வலது கை தானாக அசைந்தது.

“அந்தக் கையை எடுத்தேள்னா நான் தொலைஞ்சேன்!” என்று மாமி கத்தினார்.

எனக்கு இருப்பது இரண்டு கை. ஒன்றில் மாமியின் படகு, ஒன்றில் என் மானம். யோசிக்க ஒன்றும் இல்லை. இடது கையை விட்டேன், உயரத் தூக்கினேன், ஆள்காட்டி விரலால் படகின் விளிம்பைப் பிடித்திருந்த வலது கையைச் சுட்டிக் காட்டினேன். கால்சட்டை போயே போய்விட்டது. தண்ணீர் தெளிவாக இல்லாத ஊரில் பிறந்ததற்கு அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டேன்.

ஹூட்டர் அடித்தது. நீளமாக அடித்தது.

கரையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றேன். கமிட்டித் தலைவர் சிவந்த முகத்தோடு, இதை எப்படி ஒரு முடிவு என்று ஒப்புக்கொள்வது, கிளப்புக்கு மரியாதை இருக்கிறதா என்று ஃப்ரேனி மேடத்திடம் கேட்டார். மேடத்தின் குரல் எவ்வளவு இறங்கிவிட்டது என்றால், நாங்கள் எல்லாருமே மூச்சை அடக்கிக்கொண்டு நெருங்கினோம்.

“விதியில் கையைப் பற்றி எழுதியிருக்கிறது. கால்சட்டையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை,” என்றார் இந்தியில்.

மாமி படகுத்துறையிலேயே உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் நின்ற எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஜெயிக்கவில்லை, கடைசிக்கு முந்தின இடம். ஆனால் சுக்கான் இனி அவர் கையில்தான்.

மழை முடிந்து அக்டோபரில் கிளப் மறுபடி திறந்தது. முதல் ஞாயிறு. மேடம் கருவியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு மூன்று என்று எழுதினார், எழுதிவிட்டு அதிலும் சந்தேகமாகத் தலையை ஆட்டினார். ஒல்லி ஆட்களுக்கு அன்றைக்கு யோகம். எல்லாரும் எலும்பும் தோலுமாக இருப்பவர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். நான் வழக்கம் போல ஸ்டோர் வாசலில் உட்கார்ந்தேன்.

மாமி வந்து நின்றார். கையில் இரண்டு லைஃப் ஜாக்கெட், அதில் ஒன்று என் அளவு.

“வாங்கோ முத்து.”

“காத்தே இல்லியே மாமி. நா ஏறுனா படகு நவுராது. நா எதுக்கு?”

“நவுராட்டா போறது. காத்து இருந்தாத்தான் வருவேளா?”

எழுந்து போனேன். படகு நகரவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாமி தன் கல்யாணத்தைச் சொன்னார், நான் என் கல்யாணத்தைச் சொன்னேன். தும்மல் வந்தது, தாராளமாகத் தும்மினேன். எல்லாரும் முடித்து, படகைக் கரையேற்றி, சாப்பிட்டு வீட்டுக்குப் போன பிறகு நாங்கள் கோட்டைத் தாண்டினோம். ஃப்ரேனி மேடம் மட்டும் நடுவர் படகில் தொப்பியோடு தனியாகக் காத்திருந்தார். எங்களுக்காக ஹூட்டரை அடித்துவிட்டுத்தான் அவர் சாப்பிடப் போனார்.